ஒரு ரப்பருக்காக: முதல் வகுப்பில் ஓராண்டு, ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

காவிரிக் கடைமடையில் உள்ள ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஈராசிரியர் பள்ளி. மூன்று முதல் ஐந்து வரை தலைமையாசிரியர் பார்க்கிறார். ஒன்றும் இரண்டும் என் பொறுப்பு. இங்கே எழுதுவது 2023-24 கல்வியாண்டில் நடந்தது. பிள்ளைகளை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன். பையன், சிறுமி, மூத்த சிறுமி என்று மட்டும் குறிப்பிடுகிறேன்.

அந்த ஆண்டு வெயில் காரணமாகத் தொடக்க வகுப்புகள் ஜூன் 14-ஆம் தேதிதான் திறந்தன. என் அறையில் இரண்டு வகுப்பும் சேர்த்து 19 பிள்ளைகள். ஒன்பது பேர் ஒன்றாம் வகுப்புக்குப் புதிதாக வந்தவர்கள். ஐந்து வயது முடிந்து சில மாதங்களே ஆனவர்கள். பெரும்பாலான வீடுகளில் அப்பா வெளியூரிலோ வெளிநாட்டிலோ வேலை பார்க்கிறார். அம்மாவுக்கு வயல் வேலை, நூறு நாள் வேலை. பிள்ளையைக் கிளப்பிப் பள்ளிக்கு அனுப்புவது அப்பாயியோ அம்மாச்சியோதான்.

சேர்க்கையன்று பாட்டிமார்கள் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: "கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டு எங்க வேணாலும் அடிங்க டீச்சர்." நம்பிக்கையோடுதான் சொல்கிறார்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆவது பிரிவில், பிள்ளையை அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. நான் குச்சி எடுப்பதில்லை. ஆனால் குச்சியைக் கீழே வைத்த பிறகு அந்த இடத்தில் எதை வைப்பது என்று யாரும் எனக்குச் சொல்லித்தந்ததில்லை. என் சத்தம்தான் அங்கே வந்து உட்கார்ந்திருந்தது. ஒரு நாளைக்கு எத்தனை முறை "ஷ்ஷ்... அமைதி!" என்று கத்துகிறேன் என்பது அந்த ஜூலை வரை எனக்கே தெரியாது.

ஜூலையில் நடந்தது

ஜூலை முதல் வாரம், பதினொன்றரை மணி இருக்கும். 'ட' எழுதிக்கொண்டிருந்தார்கள். பையனின் 'ட' கோட்டைத் தாண்டிப் போய்விட்டது. பக்கத்தில் இருந்தவளிடம் ரப்பர் கேட்டான். அவளுடையது பழ வாசனை வரும் ரப்பர். மாமா வாங்கித் தந்தது. அவள் அதை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள். இரண்டாவது முறை அவன் கேட்கவில்லை. மூடிய கையைப் பிடித்துக் கடித்துவிட்டான். கரும்பலகையிலிருந்து நான் திரும்புவதற்குள் சிலேட்டும் கீழே கிடந்தது. அவள் புறங்கையில் நான்கு பல் பதிந்திருந்தது. ரத்தம் வரவில்லை, அவ்வளவுதான்.

நான் செய்தது இது. உரக்கத் திட்டினேன். ஏன் கடித்தாய் என்று மூன்று முறை கேட்டேன். பதில் வராததால் வாசலில் நிற்க வைத்தேன். பத்து நிமிடம் கழித்து அழைத்து, "சாரி சொல்லு" என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டே "சாரி" என்றான். பிரச்சினை முடிந்தது என்று நினைத்தேன். மதியம் தட்டு கழுவும் இடத்தில் அதே சிறுமியைத் தள்ளிவிட்டான்.

மறுநாள் அவள் அம்மா வந்தார். கோபமாகத்தான் வந்தார், நியாயமான கோபம். "நீங்க இருக்கும்போதே கடிச்சிருக்கான்னா, நீங்க இல்லாதப்ப என்ன பண்ணுவான்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நான் இருக்கும்போது மட்டும் நடக்கும் அமைதி என்னைப் பார்த்துப் பயந்து வரும் அமைதிதானே என்று அன்றிரவு முழுக்க யோசித்தேன். இந்தப் பதிவு தொடங்கியது அங்கிருந்துதான்.

இரண்டு வார நோட்டு

எதையும் மாற்றுவதற்கு முன் இரண்டு வாரம் வெறுமனே எழுதி வைப்பது என்று முடிவு செய்தேன். நாற்பது பக்க நோட்டில் நான்கு பத்தி: நேரம், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, நான் என்ன செய்தேன். அழுகை, அடி, பிடுங்கல், பொருளை எறிதல், "டீச்சர், இவன்..." என்று ஓடி வரும் புகார் எல்லாம் அதில் ஏறின.

முதலில் கண்ணில் பட்டது நேரம். பாதிக்கு மேற்பட்டவை பதினொரு மணிக்கும் மதியச் சாப்பாட்டு மணிக்கும் இடையில் நடந்திருந்தன. காலையில் என்ன சாப்பிட்டாய் என்று ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்டேன். "டீ", "டீயும் பன்னும்", "ஒண்ணும் இல்ல". கடித்த பையன் பெரும்பாலான நாள் டீயும் வர்க்கியும்தான். அம்மா விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பிவிடுகிறார். அப்பாயிக்கு முழங்கால் வலி.

பயிற்சிகளில் நாங்கள் அடிக்கடி கேட்கும் கதை ஒன்று உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1960-களின் இறுதியில் வால்டர் மிஷெல் தொடங்கிய மிட்டாய்ச் சோதனை. இப்போதே ஒன்று வேண்டுமா, காத்திருந்து இரண்டு வாங்கிக்கொள்கிறாயா என்று நான்கைந்து வயதுப் பிள்ளைகளிடம் கேட்பது. காத்திருந்த பிள்ளைகள் பிற்காலத்தில் நன்றாக வந்தார்கள் என்பதோடு கதையை முடித்துவிடுவார்கள். 2018-இல் டைலர் வாட்ஸும் உடன் ஆய்வாளர்களும் இன்னும் அதிகமான, பலதரப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகளின் தரவை வைத்து அதை மறுபடி பார்த்தார்கள். குடும்பப் பின்னணியைக் கணக்கில் எடுத்தபோது அந்தத் தொடர்பு பெரிதும் சுருங்கிவிட்டது. இந்தப் பாதியைப் பயிற்சியில் யாரும் சொன்னதில்லை. என் நோட்டைப் பார்த்தபோது எனக்கு அதுதான் உறைத்தது. பையனிடம் பொறுமை இல்லை என்று நான் எழுதி வைத்திருந்த பல இடங்களில், அவன் வயிற்றில் ஒன்றுமில்லை என்று எழுதியிருக்க வேண்டும்.

இரண்டாவது, பொருள். ஒன்பது பேருக்கு நான்கு ரப்பர். குழாய் ஒன்று. ஷார்ப்னர் ஒன்று, அதுவும் என் மேசையில். சண்டை எங்கே மூளும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

மூன்றாவதாகக் கண்ணில் பட்டது நோட்டின் நான்காவது பத்தி, நான் என்ன செய்தேன் என்பது. "கத்தினேன்." "கத்தினேன்." "ஏன் என்று கேட்டேன், பதில் இல்லை." "சாரி சொல்ல வைத்தேன்." பக்கம் பக்கமாக அதே சொற்கள். கோபம் வந்தால் சத்தம் போட வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் செய்து காட்டியது நான்தான்.

இரண்டு வாரத்திலும் ஒரு சிறுமியின் பெயர் ஒருமுறைகூட நோட்டில் வரவில்லை. நல்ல பிள்ளை என்று நினைத்துக் கடந்துவிட்டேன். இது பின்னால் வரும்.

முதல் முடிவு: பொருளும் வயிறும்

பிள்ளைகளுக்கு எதையும் கற்றுத்தருவதற்கு முன் அறையை மாற்ற வேண்டும் என்று தோன்றியது. பசித்த பிள்ளையிடம் மூச்சை இழுத்து விடு என்று சொல்வது அநியாயம். பத்தரை மணி இடைவேளையில் ஆளுக்கு ஒரு கைப்பிடி பொட்டுக்கடலை கொடுக்கத் தொடங்கினேன். அது நெடுநாள் தேவைப்படவில்லை. ஆகஸ்ட் 25-ஆம் தேதி முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவானபோது எங்கள் பள்ளிக்கும் வந்தது. உப்புமா, கிச்சடி, புதன்கிழமை பொங்கல். பதினொரு மணிச் சண்டைகள் செப்டம்பரில் கண்கூடாகக் குறைந்தன. வேறு எந்தப் பயிற்சியும் பிள்ளைகளுக்குள் இறங்குவதற்கு முன்பே குறைந்தன என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

ரப்பருக்கு ஒரு கொட்டாங்குச்சி. சுரண்டித் தேய்த்து மேசைக்கு ஒன்றாக வைத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு ரப்பர், ஒரு ஷார்ப்னர். யாருடையதும் இல்லை, மேசையுடையது. வாசனை ரப்பர் வீட்டிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். குழாயடியில் ஒரு வாளி, இரண்டு குவளை கூடுதலாக வைத்தோம்.

ரப்பர் சண்டை குறைந்ததே தவிர நிற்கவில்லை. காரணம் பிறகுதான் புரிந்தது. அதையும் ஒரு பிள்ளைதான் காட்டித்தந்தது.

இன்னொரு முடிவு என்னைப் பற்றியது. பிள்ளைகளின் ஆத்திரத்தை ஆராய்ந்த மைக்கேல் பொட்டேகலும் ரிச்சர்டு டேவிட்சனும் 2003-இல் எழுதியதைப் படித்திருந்தேன். ஆத்திரத்தில் கோபம் முதலிலேயே உச்சத்துக்குப் போய் இறங்கிவிடும். அதற்கடியில் ஓடும் துக்கம் நீளும், அழுகையும் ஆறுதல் தேடுவதும் அந்தத் துக்கத்தின் பகுதி. அப்படியானால் கோபத்தின் உச்சியில் "ஏன் செஞ்சே?" என்று கேட்பதால் பயனில்லை. அடிபட்ட பிள்ளையை முதலில் பார்ப்பது, பிறகு மற்றப் பிள்ளையின் பக்கத்தில் தரையில் உட்கார்வது, கொஞ்ச நேரம் வாயைத் திறக்காமல் இருப்பது என்று எனக்கு நானே விதி வைத்துக்கொண்டேன். இந்த ஆண்டு நான் செய்தவற்றில் மிகக் கடினமானது இதுதான். 18 பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருப்பது டீச்சர் தோற்றுப்போனது மாதிரி இருக்கும்.

ஆமையும் அப்பாயியும்

அமெரிக்காவில் மார்லின் ஷ்னைடர், ஆர்தர் ராபின் ஆகியோர் 1970-களில் சிறு பிள்ளைகளுக்காக உருவாக்கிய ஆமை உத்தி பல நாடுகளில் புழங்குகிறது. கோபம் வந்தால் ஆமை மாதிரி ஓட்டுக்குள் போ, உடம்பைத் தளர்த்து, பிறகு வெளியே வந்து என்ன செய்யலாம் என்று யோசி. 'ஒருமையுள் ஆமைபோல் ஐந்தடக்கல்' என்ற குறள் உள்ள மொழியில் இது எளிதாக ஒட்டிக்கொள்ளும் என்று நம்பி, அட்டையில் ஆமை வரைந்து ஒட்டினேன்.

செப்டம்பர் பெற்றோர் கூட்டத்துக்கு அந்தப் பையனின் அப்பாயி வந்தார். சுவரைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "என்ன டீச்சர் இது, ஆமை புகுந்த வீடு வெளங்காதும்பாங்க. இவன் வீட்டுல வந்து ஆமை மாதிரி சுருண்டு படுத்துக்கறான். அவன் அப்பன் கடல் தாண்டி இருக்கான். நீங்க புள்ளைக்கு இதையா சொல்லிக் குடுக்கறீங்க?"

சிரித்து மழுப்ப வழி இருந்தது. செய்யவில்லை. மகன் தூரதேசத்தில் இருக்க, வீட்டில் அபசகுனம் நடக்கிறது என்று ஒரு தாய் தவித்துக்கொண்டிருக்கிறார். வீட்டில் எதிர்ப்பு இருந்தால் பள்ளியில் சொல்வது நிற்காது. அட்டையைக் கழற்றினேன். பிறகு அவரிடமே கேட்டேன்: "உங்க பசங்க சின்ன வயசுல கோவப்பட்டா நீங்க என்னம்மா பண்ணுவீங்க?"

கொஞ்சம் யோசித்தார். "என்ன பண்ணுவேன்... போயி பானையில ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வா, அப்புறம் சொல்லு, கேக்கறேன்னு சொல்லுவேன். பானைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள பாதி எறங்கிப் போயிரும்."

நடை, தண்ணீர், திரும்பி வந்தால் கேட்கிறேன் என்ற வாக்குறுதி. நான் படித்துத் தேடிக்கொண்டிருந்த மூன்றும் அதில் இருந்தன. மறுநாளிலிருந்து வகுப்பின் மூலையில் ஒரு மண்பானை. 'அப்பாயி பானை' என்று பிள்ளைகளே பெயர் வைத்தார்கள். தன் பெயரில் பானை இருப்பது தெரிந்த பிறகு அந்த அம்மா வீட்டிலும் பேரனுக்கு அதையே சொல்லத் தொடங்கினார். அதுவரை அவன் அழுதால் கையில் போனைக் கொடுத்துவிடுவாராம்.

ரயில் பூச்சி

காலாண்டு விடுமுறை முடிந்து அக்டோபரில் மழை பிடித்தது. பள்ளித் திண்ணையில் மரவட்டைகள் ஊரத் தொடங்கின. எங்கள் பிள்ளைகளுக்கு அது ரயில் பூச்சி. இடைவேளையில் ஐந்தாறு பேர் குந்தி உட்கார்ந்து ஒன்றைச் சூழ்ந்திருந்தார்கள். நானும் போய்க் குந்தினேன்.

ஒருவன் ஈர்க்குச்சியால் தொட்டான். சட்டென்று சுருண்டது. தலை நடுவில், கால்கள் அத்தனையும் உள்ளே, வெளியே வழவழவென்று கெட்டியான முதுகு மட்டும், ஒரு சட்டைப் பொத்தான் மாதிரி. "செத்துப் போச்சா?" என்று ஒருத்தி கேட்டாள். "இல்ல, சும்மா இரு, அதுவே நீளும்" என்றான் இன்னொருவன். காத்திருந்தோம். முதலில் ஓரத்தில் ஒரு சின்ன அசைவு. மீசை இரண்டும் வெளியே வந்து தரையைத் தடவின. பிறகு மெதுவாக அவிழ்ந்து, போய்க்கொண்டிருந்த திசையிலேயே போனது. எப்போதும் எதையாவது தட்டிவிட்டுக்கொண்டே இருக்கும் அந்தப் பையன், அது திண்ணை ஓரம் இறங்கிப் போகும்வரை அசையவில்லை.

அன்றே ஆமைக்குப் பதிலாக ரயில் பூச்சி வந்தது. நான்கு படி: சுருளு, ஊது, நீளு, சொல்லு. கையால் எடுக்கக் கூடாது என்றும் சேர்த்துச் சொன்னேன். சில வகை ஒரு நீரைக் கசியவிடும், கண்ணில் பட்டால் எரியும்.

'ஊது' பற்றிச் சொல்ல வேண்டும். "மூச்சை ஆழமா இழு" என்று சொன்னபோதெல்லாம் பிள்ளைகள் தோளைத் தூக்கி, வயிற்றை எக்கி, முகம் சிவக்க இழுத்தார்கள், விடவே இல்லை. தணிவு வருவது மெதுவாக வெளியே விடும்போதுதான். அப்போது இதயத் துடிப்பு சற்று இறங்கும். ஆகவே இழுப்பதைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினேன். "தட்டுல சூடா பொங்கல் இருக்கு. ஊதி ஊதி ஆறவை" என்றேன். உள்ளங்கையைத் தட்டாக விரித்து ஊதினார்கள். ஊதிய பிறகு மூச்சு தானாக உள்ளே வந்தது.

இதையெல்லாம் சண்டையின்போது சொல்லித்தரவில்லை. வழிபாட்டுக் கூட்டம் முடிந்து அறைக்கு வந்ததும் தினமும் மூன்று நிமிடம், யாருக்கும் எந்தப் பிரச்சினையும் இல்லாத நேரத்தில். தன்னை அடக்கிக்கொள்ள உதவும் மூளையின் முன்பகுதி இருபது வயது தாண்டியும் வளர்ந்துகொண்டிருக்கிறது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஆத்திரத்தின் நடுவில் புதிதாக ஒன்றைக் கற்க முடியாது; பழகிப்போன ஒன்று தானாக வந்தால்தான் உண்டு. வெள்ளம் வந்த பிறகு நீச்சல் பழக முடியுமா?

'சொல்லு' என்ற கடைசிப் படிக்குப் பின்னால் வேறொரு பாடம் இருந்தது. ஃபிலடெல்ஃபியாவில் ஜார்ஜ் ஸ்பிவாக், மிர்னா ஷூர் இருவரும் 1970-களில் மழலையர் வகுப்புப் பிள்ளைகளோடு வேலை செய்தவர்கள். பிள்ளைக்கு விடையைச் சொல்லாதே, ஒரே சிக்கலுக்கு எத்தனை வழி இருக்கிறது என்று யோசிக்கப் பழக்கு என்பது அவர்கள் வழி. தமிழில் அதற்கு ஒரு வாக்கியம் போதும்: "வேற என்ன பண்ணலாம்?"

வெள்ளிக்கிழமைகளில் பொம்மைகளை வைத்துக் கேட்போம். இந்தக் குட்டி யானை தப்பா எழுதிடுச்சு, ரப்பர் இல்ல, என்ன பண்ணலாம்? "பிடுங்கலாம்." சரி, வேற? "கேக்கலாம்." வேற? "எச்சி தொட்டு அழிக்கலாம்." சிலேட்டில் சரி, நோட்டில் ஓட்டை விழுமே? செய்து பார்த்தோம், விழுந்தது. வேற? வழக்கமாகப் பேசாத ஒருவன் சொன்னான்: "அழிக்காம பக்கத்துல எழுதலாம்."

எனக்கு அதற்குப் பிறகு பேச்சு வரவில்லை. நோட்டில் அடித்தல் திருத்தல் இருக்கக் கூடாது என்று விதி போட்டவள் நான். ஐந்து வயதுப் பிள்ளை கோணலாக எழுதியதைப் பார்த்துப் பதறுவது, ரப்பருக்காகக் கையைக் கடிப்பது எல்லாம் அந்த விதியின் கீழேதான் நடந்திருக்கின்றன. அன்றே விதியை எடுத்தேன். தப்பென்றால் ஒரு கோடு போட்டுவிட்டுப் பக்கத்தில் எழுதலாம். ரப்பர் சண்டை அதற்குப் பிறகுதான் உண்மையில் ஓய்ந்தது.

அரையாண்டுக்குள் கண்டது

முதல் மூன்று வாரம் பயிற்சி நேரத்தில் எல்லோரும் அழகாகச் சுருண்டார்கள், நிஜச் சண்டையில் ஒருவரும் சுருளவில்லை. அதைவிட மோசமாக, அதை ஏச்சாக்கினார்கள். "டேய், சுருளுடா! கோவக்காரா, சுருளு!" நானும் ஒருநாள் எரிச்சலில் "போய்ச் சுருளு" என்று சொல்லிவிட்டேன். அன்று பையன் பானையைக் காலால் எட்டி உதைத்தான். உடையவில்லை. நான் சொன்ன விதம் வாசலில் நிற்கச் சொன்னதற்குச் சமம் என்பது எனக்குத் தெளிவாகப் புரிந்தது. அடுத்த நாள் ஒரு விதி வைத்தோம்: யாரும் யாரையும் சுருளச் சொல்லக் கூடாது, டீச்சரும்தான். யாராவது சுருண்டிருந்தால் தொடாமல் இருக்க வேண்டும், அதுவே நீளும்.

நட்சத்திரம் ஒட்டும் அட்டையையும் எடுத்துவிட்டேன். ஒரு வாரம் வைத்துப் பார்த்ததில், நட்சத்திரத்துக்காகவே பலர் காரணமில்லாமல் சுருண்டார்கள்.

நவம்பரில் ஒரு நாள், அந்தப் பையன் எழுதிக்கொண்டிருக்கும்போது பென்சில் முனை உடைந்தது. கை மேலே போனதைப் பார்த்தேன். எறியப்போகிறான் என்று நினைத்தேன். எறியவில்லை. பென்சிலைக் கையிலேயே வைத்துக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் நுழைந்து, முழங்காலில் நெற்றியை வைத்துச் சுருண்டான். முதுகு மட்டும் ஏறி இறங்கியது. எனக்குத் தாங்க முடியாத அளவுக்கு நேரம் போனது. கூப்பிட வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். பிறகு வெளியே வந்து, கொட்டாங்குச்சியைப் பார்த்து, "டீச்சர், முன ஒடஞ்சிருச்சு" என்றான். நான் "ஆமா, ஒடஞ்சிருச்சு" என்றேன். சீவிக்கொண்டு எழுத உட்கார்ந்தான். அந்த ஜூலைக்குப் பிறகு அவன் கடித்தது இன்னும் ஒருமுறைதான், செப்டம்பரில். அதற்குப் பிறகு இல்லை.

முட்டை

இந்தப் பதிவை எழுத வேண்டும் என்று என்னைத் தூண்டியது வேறொரு சம்பவம்.

நோட்டில் பெயரே வராத சிறுமி ரயில் பூச்சியை எல்லோருக்கும் முன்பே கற்றுக்கொண்டவள். யாராவது தள்ளினால் சுருள்வாள், ஊதுவாள், நீள்வாள், தன் வேலையைப் பார்ப்பாள். "பாருங்க, எவ்வளவு அழகா இருக்கா" என்று வகுப்பின் முன்னால் பலமுறை பாராட்டியிருக்கிறேன்.

பிப்ரவரியில் சத்துணவுச் சமையலர் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "டீச்சர், அந்தப் புள்ள முட்டையைத் தின்னு நான் ரொம்ப நாளாப் பாக்கல." மறுநாள் தள்ளி நின்று பார்த்தேன். தட்டில் முட்டை விழுந்தது. இரண்டாம் வகுப்பு மூத்த சிறுமி வந்து உட்கார்ந்தாள். கை நீட்டி எடுத்துக்கொண்டாள். சிறுமி தலையைக் குனிந்து முழங்காலில் வைத்தாள். கையை விரித்து ஊதினாள். நிமிர்ந்து சோற்றைச் சாப்பிட்டாள்.

நான்காவது படி அவளிடம் வரவே இல்லை. மூன்று படியைக் கச்சிதமாகச் செய்து காட்டிய பிள்ளையை, நான்காவதைச் செய்யாததற்காகவே நான் பாராட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவளைத் தனியாகக் கேட்டபோது, பொங்கல் லீவுக்கு முன்பிருந்தே நடக்கிறது என்று தெரிந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்கவில்லை. அந்தக் கேள்வி பழியை அவள் மேல் போடும். "முட்டை உனக்குப் பிடிக்குமா?" என்று கேட்டேன். "மஞ்சக்கரு பிடிக்கும்" என்றாள்.

மூத்த சிறுமியையும் திட்டாமல் கேட்டேன். "அவ வேணாங்கலியே டீச்சர். எடுத்தா ஒண்ணுமே சொல்ல மாட்டா. அவளுக்குப் பிடிக்காதுன்னு நெனச்சேன்." பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை. பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள். அந்த அறையில் அமைதிக்கு அந்த அர்த்தத்தைக் கொடுத்தது யார் என்று பார்த்தால், நான்தான்.

அந்த வாரமே பாடத்தை இரண்டாகப் பிரித்தோம். முனை உடைவது, வரிசையில் பின்னால் நிற்பது, விளையாட்டில் தோற்பது, கோணலாக எழுதுவது: இவை ஊதிவிட்டு யோசிக்கிற பிரச்சினைகள். அடிப்பது, உன் சாப்பாட்டை எடுப்பது, உனக்குப் பிடிக்காமல் உன் உடம்பைத் தொடுவது, பயமுறுத்துவது: இவற்றுக்குச் சுருள வேண்டாம், ஊத வேண்டாம், கத்த வேண்டும். மைதானத்தில் நிறுத்திக் கத்திப் பழகினோம். "வேண்டாம்! டீச்சர்!" வேப்பமரத்துக் காக்கைகள் பறந்தன. சிறுமியின் குரல் முதல் நாள் பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்து, குழாயடியில் ஒருவன் அவள் ஜடையை இழுத்தபோது, சமையலறை வரை கேட்டது. சமையலர் அக்கா கரண்டியோடு ஓடி வந்துவிட்டார்.

முட்டை விஷயத்தைச் சிறுமியின் அம்மாவிடம் நானே போய்ச் சொன்னேன். என் பார்வையில் தப்பியது என்றும் சொன்னேன்.

ஏப்ரலில் நிலைமை

பையன் இன்னும் பொருளை எறிகிறான். மார்ச்சில் இரண்டு முறை எறிந்தான். ஒன்று, விளையாட்டில் அவுட் ஆனபோது. எறிந்துவிட்டுத் தானாகவே பானைக்குப் போனான். அப்பா வீடியோ காலில் பேசும் மறுநாள்களில் அவனுக்குச் சிரமம் அதிகம் என்பது அம்மாவோடு பேசியபோது தெரியவந்தது. அந்த நாள்களில் காலையிலேயே அவனைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன். அது ஒரு உத்தியால் தீரக்கூடியது இல்லை.

சிறுமி முட்டையைத் தினமும் சாப்பிடுகிறாள், மஞ்சக்கருவைக் கடைசியில்.

எது எவ்வளவு உதவியது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. காலை உணவு வந்தது, பிள்ளைகளுக்குப் பத்து மாத வயது கூடியது, அடித்தல் திருத்தல் விதி போனது, நான் கத்துவது குறைந்தது, பயிற்சியும் நடந்தது. எல்லாம் ஒரே ஆண்டில். ரயில் பூச்சியால்தான் எல்லாம் மாறியது என்று யாராவது எடுத்துக்கொண்டு போய்ச் சுவரில் படம் மட்டும் ஒட்டினால், பசித்த பிள்ளைகள் அழகாகச் சுருண்டு உட்கார்வதைத்தான் பார்ப்பார்கள்.

மாற்றிச் செய்யப்போவது

அடுத்த ஜூனில் வரிசையைத் தலைகீழாக்குகிறேன். முதல் வாரம் கத்தப் பழகுவது. எது கத்த வேண்டியது என்று தெரிந்த பிறகே ஊதுவது. 'சொல்லு' என்ற படி முடியாமல் யாரையும் பாராட்டுவதில்லை.

சுவரில் எதையும் ஒட்டுவதற்கு முன், வீட்டுப் பெரியவர்கள் என்ன சொல்லி ஆற்றுவார்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்டுவிடுவது. ஒன்பது வீட்டில் ஒன்றைத்தான் இந்த முறை கேட்டேன், அதுவும் ஓர் அம்மா வருத்தப்பட்ட பிறகு.

நோட்டைத் தொடர்கிறேன். புதிய நோட்டில் கோடு போட்டுவிட்டேன். இந்த முறை ஐந்து பத்தி. ஐந்தாவதன் தலைப்பு: இந்த வாரம் பெயர் வராதவர்கள்.